சுங்க ஒன்றியம் அமைந்தால் வெளிநாடுகளுக்கான வரி ஏறுமா, இறங்குமா?

கயல்விழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலைப் பொருளியல் முதலாண்டு படிக்கிறேன். சுங்க ஒன்றியம் என்றால் "உறுப்பு நாடுகளுக்குள் வரி கிடையாது, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி போடுவார்கள்" என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஒரே வரி எவ்வளவு என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஒரு நாடு 40 சதவீதம் போட்டுக்கொண்டிருந்தது, பக்கத்து நாடு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று சேர்ந்தபின் 25 ஆகிவிடுமா? அப்படியானால் மொத்தத்தில் வரி மட்டம் மாறவில்லை என்று சொல்லலாமா? பருவத் தேர்வுக் கட்டுரைக்கு இதைத்தான் எடுத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

திருநாவு எழுதியது:

நல்ல கேள்வி கயல்விழி. சராசரி எடுத்த ஒன்றியம் உண்மையிலேயே இருக்கிறது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை அமைத்த 1957 ரோம் ஒப்பந்தத்தில் ஆறு நாடுகள் சேர்ந்தன அல்லவா? பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றும் ஏற்கெனவே ஒரே சுங்கப் பகுதி. ஆக ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலியோடு சேர்த்து நான்கு சுங்கப் பகுதிகள். 1957 ஜனவரி 1 அன்று அந்த நான்கிலும் இருந்த வரிகளைக் கூட்டி நான்கால் வகுத்ததுதான் பொது வரிக்கு அடிப்படை. பிரான்சும் இத்தாலியும் உயர்ந்த வரி போட்டவை. ஜெர்மனியும் பெல்ஜியம் கூட்டமும் தாழ்ந்த வரி. முதல் இரண்டில் வரி இறங்கியது, மற்ற இரண்டில் ஏறியது. 1968 ஜூலை 1 அன்று, குறித்த கெடுவுக்கு ஒன்றரை ஆண்டு முன்னதாகவே, ஒன்றியம் முழுமையானது.

நான்கால் வகுத்தால் நியாயம் என்று தோன்றும். வெளியில் இருந்த ஏற்றுமதி நாடுகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் எண்களையே எடுங்கள். 40 சதவீத வரி போட்ட நாடு வெளியிலிருந்து 100 கோடிக்குச் சரக்கு வாங்கியது, 10 சதவீத நாடு 300 கோடிக்கு வாங்கியது என்று வையுங்கள். வசூலான வரி 40 கோடியும் 30 கோடியும், மொத்தம் 70 கோடி. 400 கோடி சரக்கின் மேல் 70 கோடி என்றால் 17.5 சதவீதம்தான். இறக்குமதி அளவுக்கு ஏற்ப எடை கொடுக்கும் இதை எடையிட்ட சராசரி என்பார்கள். சாதாரண சராசரியோ 25. வெளிநாட்டு வியாபாரி தன் சரக்கில் பெரும்பகுதியை 10 சதவீத வாசல் வழியாக விற்றுக்கொண்டிருந்தான், அந்த வாசல் 25 ஆகிவிட்டது. இன்னொரு வாசல் 40லிருந்து 25க்கு இறங்கியதால் அவனுக்கு ஏதோ கிடைக்கும், ஆனால் இழந்ததை அது ஈடுகட்டும் என்று சொல்ல முடியாது. ஆகவே மட்டம் மாறவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

மதிவதனி எழுதியது:

திருநாவு ஐயா சொன்ன எடையிட்ட சராசரியிலும் ஒரு குறை இருக்கிறது. வரி உயர உயர இறக்குமதி சுருங்கும், இறக்குமதி சுருங்கினால் கணக்கில் அந்த வரிக்கு எடை குறையும். 200 சதவீத வரி போட்டு ஒரு பொருளை உள்ளேயே விடாமல் தடுத்துவிட்டால், எடையிட்ட சராசரியில் அந்த வரி தென்படவே தென்படாது. கட்டுரையில் இரண்டு சராசரியையும் கொடுத்து, ஒவ்வொன்றும் எதை மறைக்கிறது என்று எழுதுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. வெளி வரி அதே அளவில் நின்றாலும் ஒன்றியத்துக்குப் பிறகு அதன் வேலை மாறிவிடும். பொருளியலாளர் ஜேக்கப் வைனர் 1950இல் பிரித்துக் காட்டிய வணிக உருவாக்கம் (விலை கூடிய உள்நாட்டுச் சரக்கின் இடத்தில் கூட்டாளியின் மலிவுச் சரக்கு வருவது), வணிகத் திசைமாற்றம் (மலிவான வெளிநாட்டுச் சரக்கின் இடத்தில் விலை கூடிய கூட்டாளிச் சரக்கு வருவது) இரண்டையும் படித்திருப்பீர்கள். ஒரு பம்பு உள்நாட்டில் செய்தால் 125 ரூபாய், கூட்டாளி நாட்டில் 110, வெளிநாட்டில் 100. எல்லோருக்கும் 20 சதவீத வரி இருந்தபோது வெளிநாட்டுப் பம்பு 120, கூட்டாளியுடையது 132. வாங்குபவர் வெளிநாட்டுப் பம்பை 120க்கு வாங்குவார், அரசுக்கு 20 ரூபாய் வரி வரும். ஒன்றியம் அமைந்து வெளி வரி அதே 20இல் நிற்கிறது. இப்போது கூட்டாளியின் பம்பு 110தான். வாங்குபவருக்கு 10 ரூபாய் மிச்சம், கருவூலத்துக்கு 20 ரூபாய் நட்டம். நாட்டுக்கு நிகரமாக 10 ரூபாய் போனது. வரி விகிதம் ஒரு புள்ளிகூட நகரவில்லை, ஆனாலும் வெளிநாட்டு வியாபாரி சந்தையை இழந்துவிட்டான்.

பொது வரியை 8 சதவீதம் என்று வைத்திருந்தால்? வெளிநாட்டுப் பம்பு 108, கூட்டாளியுடையது 110. சரக்கு பழைய இடத்திலிருந்தே வரும், திசை மாறாது. அதனால்தான் எவ்வளவு என்ற உங்கள் கேள்வி இந்த விஷயத்துக்கே உயிர்நாடி. ஒன்றியம் நல்லதா கெட்டதா என்பதைக்கூட அந்த எண்தான் பெருமளவு முடிவு செய்கிறது.

கயல்விழி எழுதியது:

மிக்க நன்றி அக்கா, ஐயா. பம்பு கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டேன், இப்போதுதான் தெளிவாகிறது. இன்னொன்று. ஒன்றியம் அமைக்கும்போது வரியை உயர்த்தக்கூடாது என்று உலக வணிக அமைப்பில் விதி இருப்பதாகப் படித்தேன். அப்படியானால் ஏற்றம் எப்படி நடக்கிறது?

இளவழுதி எழுதியது:

இந்த விதியைப் பலரும் பாதிதான் படிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

உலக வணிக அமைப்பின் அடிப்படை விதிகளில் ஒன்றான காட் (GATT) ஒப்பந்தத்தின் 24ஆவது பிரிவு, 5ஆவது பத்தி. ஒன்றியம் அமைந்தபின் வெளியாருக்கான வரிகளும் வணிக விதிகளும் "மொத்தத்தில்" முன்பிருந்ததைவிட உயர்ந்தோ கடுமையாகவோ இருக்கக்கூடாது என்கிறது. அந்த மொத்தத்தில் என்ற சொல்லைக் கவனியுங்கள். எஃகுக்கு ஏற்றலாம், துணிக்கு இறக்கலாம், மொத்தக் கணக்கு சரியாக இருந்தால் போதும். எப்படி மொத்தம் போடுவது என்பதில் பல காலம் சண்டை. 1994இல் உருகுவே சுற்று என்ற பன்னாட்டு வணிகப் பேச்சில் ஒரு விளக்க உடன்பாடு வந்தது. எடையிட்ட சராசரி வரியையும் வசூலான சுங்கத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும், காகிதத்தில் இருக்கும் உச்சவரம்பை அல்ல, நடைமுறையில் போடும் வரியைப் பார்க்க வேண்டும் என்று அது சொன்னது. மதிவதனி சொன்ன எடைக் குறை அதிலும் இருக்கிறது.

6ஆவது பத்தி தனி. ஒரு நாடு "இந்தப் பொருளுக்கு இவ்வளவுக்கு மேல் போடமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்த உச்சவரம்பைப் பொது வரி தாண்டினால், பாதிக்கப்படும் நாடுகளோடு 28ஆவது பிரிவின்படி பேசி ஈடு கொடுக்க வேண்டும். அதே பொருளுக்கு வேறு உறுப்பு நாட்டில் வரி இறங்கியிருந்தால் அதையும் ஈடாகக் கணக்கில் எடுக்கலாம். உச்சவரம்பு 30, நடைமுறை வரி 8 என்று இருக்கும் நாடு 12க்கு ஏற்றினால் 6ஆவது பத்தியில் மாட்டாது.

ஈடு கொடுக்கும் பேச்சு எவ்வளவு சூடாகும் என்பதற்கு 1986 போதும். ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தன. ஸ்பெயினின் மக்காச்சோளச் சந்தை அமெரிக்க விவசாயிகளுக்குப் பெரியது. சேர்ந்ததும் ஐரோப்பிய வேளாண் காப்புச் சுவர் ஸ்பெயினைச் சுற்றியும் எழுந்தது. அமெரிக்கா பதிலடி வரி போடப்போவதாக அறிவிக்க, 1987 ஜனவரியில் சமரசம் வந்தது. ஆண்டுக்கு 20 லட்சம் டன் மக்காச்சோளமும் 3 லட்சம் டன் சோளமும் வெளியிலிருந்து ஸ்பெயினுக்குள் வர வழி விட்டார்கள்.

இந்தியா தொடர்புடைய வழக்கு ஒன்றும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தோடு துருக்கியின் சுங்க ஒன்றியம் 1996 தொடக்கத்தில் முழு நடைமுறைக்கு வந்தபோது, ஐரோப்பா வைத்திருந்த துணி, ஆடைக் கட்டுப்பாடுகளைத் துருக்கியும் போட்டது. இந்தியாவிலிருந்து போகும் 19 வகைகளுக்கு அளவுக் கட்டுப்பாடு. ஒன்றியம் அமைப்பதால் எங்களுக்கு விலக்கு உண்டு என்றது துருக்கி. 1999இல் உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு அதை ஏற்கவில்லை. அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் ஒன்றியமே அமைக்க முடியாது என்று காட்ட வேண்டும், துருக்கி அதைக் காட்டவில்லை என்றது. இந்தியா வென்றது. ஒன்றியத்தில் சேர்வதையே சாக்காக வைத்துப் புதுச் சுவர் எழுப்ப முடியாது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

சேரலாதன் எழுதியது:

இளவழுதி விதியைச் சரியாகச் சொன்னார். ஆனால் விதியே கட்டுப்படுத்தாத இடத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சரக்குப் போக்குவரத்து ஆவணங்கள் பார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன், மத்திய ஆசியச் சரக்குகளும் அதில் வந்ததால் இது மனதுக்கு நெருக்கமானது.

2010 ஜனவரியில் ரஷ்யா, பெலாரஸ், கசகஸ்தான் மூன்றும் பொது வெளி வரிக்கு மாறின. அப்போது மூன்றுமே உலக வணிக அமைப்பில் உறுப்பினர் இல்லை! ஆகவே 24ஆவது பிரிவு அவர்களைக் கட்டவில்லை. பொது வரி எதைத் தழுவியது தெரியுமா? பெரும்பாலும் ரஷ்யாவின் வரியை. ரஷ்யாவுக்குக் கார், எந்திரம் போன்ற தொழில்களைக் காக்க வேண்டியிருந்தது. கசகஸ்தான் அவற்றை வெளியிலிருந்து தாழ்ந்த வரியில் வாங்கிக்கொண்டிருந்த நாடு. சில நூறு பொருள்களுக்கு இடைக்கால விலக்கு வாங்கிக்கொண்டு, மற்றவற்றுக்கு வரியை ஏற்றியது. சராசரி எடுக்கும் பேச்சே இல்லை. பெரியவன் வீட்டுச் சட்டமே ஊர்ச் சட்டம் ஆனது.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் சுவையானது. 2012 ஆகஸ்டில் ரஷ்யா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. ரஷ்யா கொடுத்த வாக்குறுதிகள் ஒன்றியத்தின் வரியாகவே மாறும் என்று முன்பே ஒப்பந்தம் போட்டிருந்ததால், பொது வரி படிப்படியாக இறங்கியது. ஏற்றியதும் பெரியவன், இறக்கியதும் பெரியவன். 2015 நவம்பரில் கசகஸ்தானும் சேர்ந்தது, பல பொருள்களில் ரஷ்யாவைவிடத் தாழ்ந்த உச்சவரம்புக்கு ஒப்புக்கொண்டு. அந்தப் பொருள்களைக் கசகஸ்தான் குறைந்த வரியில் இறக்குமதி செய்யலாம், ஆனால் அவை அந்த நாட்டுக்குள்ளேயே நிற்க வேண்டும், ரஷ்யாவுக்குப் போகக்கூடாது. போகிறதா என்று கண்காணிக்க வேண்டிய நிலை. எல்லைச் சோதனை வேண்டாம் என்பதற்காகத்தானே ஒன்றியம் அமைத்தார்கள்? வெளி வரி ஒன்றாக இல்லாவிட்டால் அந்தச் சோதனை வேறு உருவத்தில் திரும்பி வந்துவிடும்.

கிர்கிஸ்தான் கதை இதைவிட வருத்தமானது. 1998லேயே உலக வணிக அமைப்பில் சேர்ந்து மிகத் தாழ்ந்த வரி வைத்திருந்த நாடு. தலைநகர் பிஷ்கெக் பக்கத்தில் தோர்தோய் சந்தை, கப்பல் பெட்டிகளை அடுக்கியே கட்டிய கடைகள். சீனச் சரக்கு அங்கே இறங்கி அண்டை நாடுகளுக்குப் போகும். பக்கத்தில் பொது வரியும் கடுமையான எல்லையும் வந்தபோதே அந்த வியாபாரம் அடிவாங்கியது. 2015இல் உள்ளே சேர்ந்தபோது தன் வரியையும் ஏற்ற வேண்டியதாயிற்று. வெளியே நின்றாலும் நட்டம், உள்ளே போனாலும் செலவு.

தேன்மொழி எழுதியது:

சேரலாதன் அண்ணன் சொன்னதை ஒட்டி, உள்ளே இருக்கும் தொழில்களின் குரல்தான் வெளி வரியை நிர்ணயிக்கிறது என்பதற்குக் கிழக்கு ஆப்பிரிக்காவைப் பாருங்கள். 2005இல் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் ஒரே வரி அட்டவணைக்கு வந்தன. மூலப்பொருளுக்கு 0, இடைநிலைப் பொருளுக்கு 10, முடிந்த பொருளுக்கு 25 சதவீதம். கென்யாவில் ஆலைகள் அதிகம், அதற்கு 25 என்பது முன்பிருந்த உச்சத்தைவிட இறக்கம். உகாண்டாவோ முன்பே தாராளமாகத் திறந்திருந்த நாடு, அதற்கு அது ஏற்றம். தன் தொழில்களுக்கு வேண்டிய பொருள்கள் பலவற்றுக்கு உகாண்டா தற்காலிக விலக்கு கேட்டு வாங்கியது. 2022 ஜூலையில் 35 சதவீதம் என்று நான்காவது படி ஒன்றையும் சேர்த்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டக் காலத்தில் இந்தப் பொருளுக்கு எங்களுக்கு மட்டும் வேறு விகிதம் என்று நாடுகள் விலக்கு வாங்குவது வழக்கமாகிவிட்டது. அறிவிப்பிதழைப் பார்த்தால், பொது வரியில் எவ்வளவு பொது என்ற கேள்வி வருகிறது.

வரி எவ்வளவு என்பதோடு, வசூலான பணம் யாருக்கு என்பதும் சேர்ந்தே வரும். 1910இல் தொடங்கிய தெற்கு ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியம் இன்றிருப்பவற்றில் மிகப் பழையது. நெடுங்காலம் வரியைத் தென்னாப்பிரிக்கா ஒன்றே தீர்மானித்தது, தன் தொழிற்சாலைகளுக்கு ஏற்றபடி. லெசோத்தோ, எஸ்வாத்தினி, போட்ஸ்வானா மக்கள் அதனால் அதிக விலை கொடுத்தார்கள். 1969 ஒப்பந்தத்தில் அதற்கு ஈடாக வசூலில் கூடுதல் பங்கு தர வழி செய்தார்கள். லெசோத்தோவும் எஸ்வாத்தினியும் இன்றும் அந்தப் பங்கைப் பெரிதும் நம்பித்தான் அரசு நடத்துகின்றன. இப்போது யோசியுங்கள், வெளி வரியைக் குறைக்க வேண்டும் என்று அந்தச் சிறிய நாடுகள் கேட்குமா? குறைந்தால் அவர்கள் கருவூலமே காலியாகும்.

மதிவதனி எழுதியது:

இது அருமையான இடம் தேன்மொழி. கோட்பாட்டில் இதற்கு நேர் எதிரான நம்பிக்கை ஒன்றும் இருக்கிறது. பொருளியலாளர்கள் முர்ரே கெம்ப், ஹென்றி வான் இருவரும் 1976இல் நிறுவியது: எந்த நாடுகள் சேர்ந்தாலும், வெளியாரோடு நடக்கும் வணிகம் பழைய அளவிலேயே நிற்கும்படி ஒரு பொது வரியைத் தேர்ந்தெடுக்க முடியும். அப்படிச் செய்தால் வெளியாருக்கு நட்டமில்லை. உள்ளே கிடைக்கும் லாபத்தைப் பங்கிட்டுக்கொண்டால் உறுப்பினர் யாருக்கும் நட்டமில்லை. பம்பு கணக்கில் 20ஐ 8 ஆக்கியது அந்த வழிதான். முடியும் என்று நிறுவினார்களே தவிர, நாடுகள் அப்படிச் செய்யும் என்று சொல்லவில்லை.

செய்யத் தூண்டாத ஒரு காரணம் சந்தை வலிமை. சிறிய நாடு வரி போட்டால் உலக விலை அசையாது. பத்து நாடுகள் ஒன்றாக வரி போட்டால், விற்க வேறு இடமில்லாத வெளிநாட்டு வியாபாரி தன் விலையைக் குறைப்பான், வரிச் சுமையில் ஒரு பகுதி அவன் தலையில் விழும். கூட்டம் பெரிதாகப் பெரிதாக வரியை உயர்த்தும் ஆசை கூடும். பால் க்ருக்மன் 1991இல் ஓர் எளிய மாதிரி வைத்து, உலகம் மூன்று வணிகக் கூட்டங்களாகப் பிரிந்தால் மொத்த நலன் மிகத் தாழும் என்று காட்டினார். போக்குவரத்துச் செலவைச் சேர்த்தால், பக்கத்து நாடுகள் கூட்டம் சேர்வது அவ்வளவு மோசமில்லை என்றும் அவரே சொன்னார்.

திருநாவு எழுதியது:

மதிவதனி, அந்த மாதிரியை மட்டும் வைத்துப் பயமுறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. ஐரோப்பியச் சமூகம் பெரிதானபோது வெளியாருக்கு வயிற்றில் புளி கரைத்தது உண்மைதான். ஆனால் அந்தப் பயமே அமெரிக்காவை 1962இல் புதிய வணிகச் சட்டம் கொண்டுவர வைத்தது, அதிலிருந்து கென்னடி சுற்று என்ற பன்னாட்டு வரிக்குறைப்புப் பேச்சு பிறந்தது. 1967இல் அது முடிந்தபோது தொழில் பொருள்களின் வரி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டப்பட்டது. ஆறு நாடுகளும் ஒரே குரலில் பேசியதால் வெளியாரும் கொடுக்க முன்வந்தார்கள், ஐரோப்பாவும் கொடுத்தது. சேரும்போது இறங்கிய நாடுகளும் உண்டு. துருக்கியின் தொழில் பொருள் வரி 1996இல் நன்றாகவே இறங்கியது. வளைகுடா நாடுகள் 2003இல் ஒரே 5 சதவீதத்துக்கு வந்தன, அதை நோக்கிச் சவூதி அரேபியா தன் வரியை 2001இலேயே நன்றாக இறக்கியிருந்தது.

மதிவதனி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் ஐயா, ஐரோப்பாவில் அப்படி நடந்தது. ஆனால் வெளியே அமெரிக்கா போல வலுவான பேரம் பேசும் நாடு நின்றதால் நடந்தது. வேளாண்மையில் அந்தப் பேரம் எடுபடவில்லை, அங்கே சுவர் உயர்ந்தே நின்றது. எஸ்தோனியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1990களில் ஏறக்குறைய வரியே இல்லாமல் இருந்த நாடு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004இல் சேர்வதற்காக வரி போடக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

தடையில்லா வணிக ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். அதில் ஒவ்வொரு நாடும் தன் வெளி வரியைத் தானே வைத்துக்கொள்கிறது. கூட்டாளியிடமிருந்து வரியில்லாமல் சரக்கு வரத் தொடங்கியதும் கருவூல நட்டத்தைப் பார்த்து, வெளியாருக்கும் கொஞ்சம் குறைப்போமே என்று தனியாக முடிவெடுக்கலாம். எஸ்தெவதியோர்தால், ஃப்ராயண்ட், ஒர்னேலாஸ் மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் பத்து லத்தீன் அமெரிக்க நாடுகளை ஆராய்ந்தார்கள். தடையில்லா வணிக ஒப்பந்தங்களில் கூட்டாளிக்கு வரி குறைந்த துறைகளில் வெளியாருக்கும் வரி குறைந்தது, சுங்க ஒன்றியங்களில் அந்த விளைவு தென்படவில்லை. ஒன்றியத்தில் தனியாகக் குறைக்க முடியாது, எல்லோரும் தலையாட்ட வேண்டும்.

தென்னமெரிக்கச் சுங்க ஒன்றியமான மெர்கோசூரில் இதை நேராகவே பார்க்கலாம். 1995இல் பொது வரி வந்தது. எந்திரங்களுக்கும் கணினிகளுக்கும் காப்பு வேண்டும் என்றது பிரேசில். அவற்றை மலிவாக வாங்க விரும்பிய பராகுவேயும் உருகுவேயும் விலக்குப் பட்டியல்களோடு உள்ளே வந்தன. பெரும்பாலான வரிகளில் 10 சதவீதம் வெட்டு என்ற முடிவுக்கு எல்லோரும் வர 2022 ஜூலை ஆகிவிட்டது. அதுவும் 10 புள்ளி அல்ல. 14 சதவீதமாக இருந்தது 12.6 ஆகும், அவ்வளவுதான்.

இளவழுதி எழுதியது:

ஒன்றியத்தை விட்டு வெளியேறியவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் சான்றுதான். பிரிட்டன் 2021 ஜனவரி 1 முதல் தன் சொந்த வரி அட்டவணைக்கு வந்தது. 2 சதவீதத்துக்குக் கீழே இருந்த சில்லறை வரிகளை எடுத்துவிட்டது, பலவற்றை முழு எண்ணாகக் கீழே இறக்கியது. கார்களுக்கு 10 சதவீதம் அப்படியே. உள்ளே தொழில் இருக்கும் இடத்தில் வரியும் நின்றது.

கயல்விழி எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கசகஸ்தானை எடுத்து, 2009 வரியையும் 2010 வரியையும் பொருள் வாரியாக ஒப்பிட்டு எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். எங்கே தடுமாறுவேன் என்று யாராவது முன்கூட்டியே சொல்வீர்களா?

சேரலாதன் எழுதியது:

நல்ல தேர்வு. சரக்குக் குறியீட்டுப் பட்டியலின் பதிப்பு மாறியிருந்தால் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒட்டாது, ஆனால் உங்கள் இரண்டு ஆண்டும் 2007 பதிப்புக்குள் வருகின்றன, முதல் ஆறு இலக்கம் வரை ஒப்பிடலாம். அதற்கு மேலுள்ள இலக்கங்கள் நாட்டுக்கு நாடு வேறு, அங்கே அவசரப்படாதீர்கள். "இத்தனை சதவீதம், ஆனால் கிலோவுக்கு இத்தனை யூரோவுக்குக் குறையாமல்" என்று எழுதியிருக்கும் வரிகளைத் தனியாக எடுத்து வையுங்கள். ரஷ்ய அட்டவணையில் அவை நிறைய. மலிவுச் சரக்குக்கு உண்மையான வரி அங்கே சதவீதத்தைவிடப் பல மடங்கு ஏறிவிடும், சதவீதத்தை மட்டும் படித்தால் ஏற்றத்தைக் குறைத்துக் காட்டிவிடுவீர்கள். விலக்குப் பெற்ற பொருள்களுக்கு இன்னொரு பத்தி ஒதுக்குங்கள். முதலில் துணி, செருப்பு அத்தியாயங்களில் தொடங்குங்கள், 50 முதல் 64 வரை.